மறதியற்ற மகானுபாவர்

இந்தக் காலத்தில் யாருக்கும் எதுவும் நினைவில் நிற்பதில்லை. மனைவியின் கைபேசி எண் தெரியாது, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பதற்கே நெற்றியைத் தடவ வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட நாளில், மறதி என்றால் என்னவென்றே அறியாத ஒருவர் என் சட்டைப்பையில் குடியிருக்கிறார். உள்ளங்கை அகலம், இரண்டு பென்சில் செல் ஆகாரம், நெற்றியில் ஒரு குட்டிக் குமிழ். கையடக்க ஜிபிஎஸ் என்று கடைக்காரர் பில் போட்டார். எனக்கு அவர் கருவியார். அவரைப் பெற்ற கம்பெனியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இத்தனை புகழையும் ஒரே கம்பெனியின் தலையில் ஏற்றினால் தாங்காது.

குலப்பெருமையைச் சொல்லாமல் மேலே போவது மரியாதையில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் அமெரிக்க ராணுவம், பொதுமக்களுக்கு வரும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஆள் நிற்கும் இடத்தை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மே 1ஆம் தேதி கிளின்டன் அரசு அதை நிறுத்துவதாக அறிவித்தது. பிழை போன கையோடு, மே 3ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்ற ஊர்ப்பக்கம் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரத்தில் பாதி புதைத்து வைத்தார். உள்ளே சில புத்தகங்கள், கொஞ்சம் மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் எழுதி, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். கண்டுபிடித்தார்கள். ஜியோகேஷிங் என்ற விளையாட்டு பிறந்தது. கப்பலுக்கும் விமானத்துக்கும் ஏவுகணைக்கும் வழிகாட்டுவதற்காக வானில் சுற்றிய இருபதுக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் ஒரு டின் பீன்ஸைத் தேட முதன்முதலாகச் சேர்ந்து உழைத்த அந்த வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

ஆட்டத்தின் விதி எளிது. ஒளித்து வைத்த பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில் 161 மீட்டராவது இருக்க வேண்டும். முக்கியமாக, தேடுவதை வெளியாள் யாரும் பார்க்கக் கூடாது. நம் நாட்டில் ஆடுகிறவர்கள் குறைவு. அதனால் போட்டி கிடையாது. பல சமயம் பெட்டியும் கிடையாது.

வெளியாள் பார்க்கக் கூடாது என்ற விதியைத் திருவனந்தபுரத்தில் கருவியார் எப்படிக் காப்பாற்றிக் கொடுக்கிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். வட்டியூர்க்காவு பக்கம் ஒரு கல்வெட்டாங்குழி ஓரத்து மதகில், இன்னும் 4 மீட்டர் என்றார். நாலு எட்டு வைத்தேன். இப்போது 11 மீட்டர் என்றார். திரும்பி வந்தேன், 6 என்றார். கையில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மதகை வலம் வரும் நடுவயது மனிதனை இந்த ஊர் எத்தனை நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்? ஒரு ஆட்டோ நின்றது. "தாக்கோல் போயோ சாரே?" என்றார் டிரைவர். சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்கிறார். நான் பதில் யோசிப்பதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். ஸ்கூட்டரில் வந்த ஒரு அம்மா இறங்கி, மோதிரமா என்று விசாரித்தார். பால் வாங்கிக்கொண்டு போன பையன் கைபேசி விளக்கைப் போட்டான். கால் மணி நேரத்தில் அந்த மதகுக்கு ஒரு தேடுதல் கமிட்டியே அமைந்துவிட்டது. தலைவர், செயலாளர், எதிர்க்கட்சி எல்லாம் உண்டு. முன்பின் தெரியாத இத்தனை பேரை ஒரே காரியத்துக்காகக் கூட்டிய சாமர்த்தியம் எந்த அரசியல் கட்சிக்கு வரும்? பெட்டி அங்கேதான் எங்கோ இருந்திருக்க வேண்டும். கமிட்டி கலைந்தபின் கருவியார் அமைதியாக, 3 மீட்டர் என்றார்.

அவருடைய முதல் பெருங்குணம் சமத்துவம். ஒரு இடத்தில் நின்று குமிழை அழுத்திப் பிடித்தால் போதும், அந்த இடத்தைத் தமக்குள் வாங்கிக்கொள்வார். அதற்கு அவரே பெயரும் வைப்பார். முதல் இடத்துக்கு 001. அடுத்ததற்கு 002. சாதி தெரியாது, மதம் தெரியாது, கோயிலா கள்ளுக்கடையா என்ற பேதம் தெரியாது. என் பட்டியலில் 031 கனகக்குன்னில் ஒரு ஆலமரம். 032 சாலைக் கடைத்தெருவில் வண்டி பஞ்சர் ஒட்டிய இடம். 033 ஒரு பெட்டியின் இருப்பிடம் என்று நினைக்கிறேன். 034 எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அது 033க்கு எள்ளளவும் குறைந்ததல்ல என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். பஸ்ஸில் நெரிசலில் நின்றபோது குமிழ் தானாக அழுந்தி, தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கரமனை வரை வரிசையாகச் சில புள்ளிகள் விழுந்திருக்கின்றன. எதற்கும் பயன்படாத இடங்கள். அவற்றையும் அவர் கைவிடவில்லை.

பெயருக்குக் கீழே குறிப்பு எழுத இடம் வைத்திருக்கிறார். அதையும் அவரே நிரப்பிவிடுவார். தேதி, மணி, நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு இருபத்திரண்டுக்கு அங்கே நின்றேன் என்பது சாசனமாகப் பதிந்திருக்கிறது. ஏன் நின்றேன் என்பது மட்டும் இல்லை. அது அவரவர் அந்தரங்கம் அல்லவா? கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட பணத்துக்கு முன்னால் ஆளின் பெயரையும் ஊரையும் எழுதி, எதிராளியின் ரகசியங்களைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள். கருவியார் அப்படிப்பட்டவர் இல்லை.

நாமே பெயர் வைக்க விரும்பினால் தடுக்கமாட்டார். திரையில் ஆங்கில எழுத்துகளை விரித்து வைப்பார். குமிழை இடம் வலம் மேல் கீழ் தள்ளி, ஒவ்வொரு எழுத்தாகப் போய் அழுத்த வேண்டும். வெயிலில் திரை தெரியாது, மழையில் விரல் வழுக்கும். பொறுமை என்ற குணத்தைக் கற்றுக்கொள்ள இமயமலைக்குப் போகிறவர்கள் வழியில் இவரிடம் ஒரு ஊர்ப்பெயரை எழுதிப் பார்க்கலாம். பழைய தலைமுறைக் கருவிகளில் பெயருக்கு ஆறு எழுத்து, மொத்தம் ஐந்நூறு புள்ளி என்று கணக்கு. ஆலமரம் என்று அதில் எழுதப் போனால் 'ஆலம' என்பதோடு நிற்கும். மீதியை நம் கற்பனைக்கு விட்டுவிடும் அந்தப் பெருந்தன்மை இந்தக் காலத்து மாடல்களில் சற்றுக் குறைந்துவிட்டது.

பெட்டிகளின் விவரத்தைக் கணினியிலிருந்து மொத்தமாக இறக்கினால் இன்னொரு குணத்தைக் காணலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஜிசி என்று தொடங்கும் ஒரு குறியீடு உண்டு. சில பெட்டிகளுக்குப் பிள்ளைகுட்டிகளும் உண்டு. வண்டி நிறுத்துமிடம் ஒரு புள்ளி, ஒற்றையடிப்பாதை தொடங்குமிடம் ஒரு புள்ளி, பல கட்டமாகப் போகும் பெட்டி என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புள்ளி. இந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போது தாயின் குறியீட்டிலிருந்து ஜிசியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு இரண்டு எழுத்தைப் போடுவார்கள். வண்டி நிறுத்துமிடம் என்றால் பெரும்பாலும் பிகே. இனி கருவியார் பட்டியலை அகரவரிசையில் அடுக்குகிறார் பாருங்கள். எல்லா ஊர் வண்டி நிறுத்துமிடங்களும் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும். பொன்முடி மலையடிவாரமும் கோவளம் கடற்கரையும் அடுத்தடுத்து. பெட்டிகளோ வேறொரு மெனுவில், வேறொரு வாசல் வழியாகப் போனால்தான் தெரியும். தாயையும் பிள்ளையையும் பிரித்து, பிள்ளைகளை எல்லாம் ஒரே விடுதியில் சேர்த்து ஒழுங்குபடுத்திய கண்டிப்பான வார்டன் அவர். பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று குறித்தால் பெட்டி தேடும் பட்டியலை விட்டுப் போகும். வண்டி நிறுத்துமிடம் போகாது. இனி அங்கே வண்டி நிறுத்த ஒரு காரணமும் இல்லை என்றாலும், காலத்துக்கும் அங்கேயே காத்திருக்கும்.

எண்களின் விஷயத்தில் அவருக்கு இருக்கும் தாராளம் வேறு. ஒரே இடத்தைப் பாகை, நிமிடம், விநாடி என்று சொன்னாலும் ஏற்பார். பாகை, நிமிடம், நிமிடத்தின் பின்னம் என்று சொன்னாலும் ஏற்பார். வெறும் பாகைப் பின்னமும் சரி. ஜியோகேஷிங் ஆடுகிறவர்கள் இரண்டாவது முறையில் எழுதுவார்கள். அதன் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக ஏறக்குறைய 1.85 மீட்டர் நகரும். எட்டுப் பாகை 29.500 நிமிடம் என்று நண்பர் தொலைபேசியில் சொன்னதை நான் எட்டுப் பாகை 29 நிமிடம் 50 விநாடி என்று உள்ளிட்டேன் என்று வையுங்கள். ஒரு கேள்வி கேட்கமாட்டார். புருவத்தைக்கூட உயர்த்தமாட்டார். அறுநூறு மீட்டருக்கும் மேலே வடக்கே கொண்டுபோய், யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றடியில் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று மணியடிப்பார். எஜமானின் சொல்லைச் சோதிக்காத இப்படியொரு ஊழியர் இந்தக் காலத்தில் அபூர்வம்.

நேர்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைந்து போவது அவர் இயல்பிலேயே இல்லை. கரமனை ஆற்றின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைப் புள்ளியைக் கேட்டால் 150 மீட்டர் என்பார். அம்பு நேராகத் தண்ணீரைக் காட்டும். பாலம் எங்கே, சாலை எங்கே என்பதெல்லாம் சில்லறை விவகாரம். பொன்முடிக்குப் போகும் பாதையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அம்பு ஒருமுறை பள்ளத்தாக்கைக் காட்டும், அடுத்த வளைவில் பாறையைக் காட்டும். தூரம் குறையும், கூடும், மறுபடி குறையும். பக்கத்தில் இருக்கும் புள்ளிகள் என்று அவர் தரும் பட்டியலில் முதலில் நிற்பது காக்கைக்கு மட்டுமே பக்கம். காக்கைகள் இவரைப் பெரிதும் மதிக்கின்றன என்று கேள்வி.

ஆனால் இவை எல்லாம் சிறு குணங்கள். அவருடைய விசுவாசத்தைப் பார்க்க வேண்டுமானால் சங்குமுகம் கடற்கரைக்கு வரவேண்டும். ஒரு காலத்தில் அங்கே அகலமான மணல்வெளி இருந்தது. மாலையில் பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், சுண்டல் விற்பார்கள். அந்த மணலில் நின்று நான் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு கடல் மணலை அரித்துக்கொண்டே வந்தது. 2021 மே மாதம் டவ்தே புயலின்போது கடற்கரைச் சாலையே பெயர்ந்து விழுந்தது. சாலையை அப்புறம் சுவர் கட்டி மீட்டார்கள். கருவியார் இந்த அமளியில் கலங்கவேயில்லை. என் புள்ளி எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது, ஐந்தாம் தசம இலக்கம்வரை. கொஞ்சம் தெற்கே வலியதுறைக் கடற்பாலம். 1950களில் கட்டியது. அலையில் தூண்கள் தளர்ந்து சாய்ந்து, 2024 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து கடலுக்குள் போயிற்று. அதன் நுனியிலும் எனக்கு ஒரு புள்ளி உண்டு. "அங்கே போகவா?" என்று கேட்டால், போகலாம் என்கிறார். திசை காட்டுகிறார், தூரம் சொல்கிறார், நடந்தால் எத்தனை நிமிடத்தில் சேரலாம் என்றும் கணக்குப் போடுகிறார். ஊரும் கடலும் சொன்ன சொல் தவறினாலும் இவர் தவறமாட்டார்.

இவர் பிறப்பதற்கு முன் இந்த ஊரில் இடமும் திசையும் அளந்துகொண்டிருந்தவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் இங்கே வானாய்வகம் அமைத்தார். ஜான் கால்டெகாட் முதல் இயக்குநர். பாளையம் பக்கத்துக் குன்றில் அந்தக் கட்டடம் இப்போதும் இருக்கிறது, கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். பின்னால் ஜான் ஆலன் புரூன் வந்தார். நகரத்தில் காந்த ஊசியின் அசைவைக் குறித்தது போதாதென்று, 1855இல் அகத்தியமலை உச்சியிலும் ஒரு ஆய்வகம் அமைத்தார். 1,868 மீட்டர் உயரம், கீழெல்லாம் யானைக் காடு. கருவிகளைச் சுமந்து மேலே ஏற்றி, மலையில் ஒரு அளவு, நகரத்தில் ஒரு அளவு என்று எடுத்து, அதை எப்படி எடுத்தோம், எதற்காக எடுத்தோம், கருவியில் என்ன குறை என்றெல்லாம் எழுதி வைத்து, 1874இல் லண்டனில் கனமான நூலாக அச்சிட்டார். ஒரு அளவுக்காவது 001 என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் தைரியம் அந்த மனிதருக்கு வரவில்லை. இன்று வனத்துறை அனுமதியோடு போணக்காட்டிலிருந்து அதே மலைக்கு நடக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் சரியாகத் தெரியாத இடத்திலும் கருவியார் தயங்காமல் ஒரு புள்ளியை வைத்துக் கொடுப்பார். திரையின் ஓரத்தில் பிழை இத்தனை மீட்டர் இருக்கலாம் என்று சிறிய எழுத்தில் காட்டுவார். சேமித்த புள்ளியில் அந்தச் சிறிய எழுத்தைச் சேர்க்கமாட்டார். கெட்ட செய்தியை வீடுவரை கொண்டுவருவானேன்?

நன்றி தெரியாதவர்களும் இருக்கிறார்கள். விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை மீனவர்களைச் சொல்கிறேன். கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உண்டு. பார் என்பார்கள். மீன் கூடும் இடம். கரையிலிருந்து பல மைல் தள்ளி, மேலே வெறும் தண்ணீர்தான் தெரியும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் கணிச்சம் என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். கரையில் ஒரு மாதாகோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலை முகடும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை வள்ளத்தைச் செலுத்துவது. பிறகு வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கல்லைப் போட்டால் கீழே பார். அப்பன் மகனுக்குச் சொல்வான், அடுத்த வள்ளத்துக்குச் சொல்லமாட்டான். எழுதி வைப்பதில்லை. ராபர்ட் பனிப்பிள்ளையும் அவருடைய ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் குழுவினரும் இந்தப் பார்களுக்குள் முக்குளித்துப் படமெடுத்து, அங்கே எத்தனை உயிர்கள் வாழ்கின்றன என்று ஆவணப்படுத்தியிருக்கிறார்கள்.

இப்போது மீனவர்கள் கையிலும் ஜிபிஎஸ் வந்துவிட்டது, ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் வந்துவிட்டது. மேகம் மூடி மலை தெரியாத நாளிலும் பாரைப் பிடிக்க முடிகிறது. சரி, கருவியாரின் அருமை இவர்களுக்காவது தெரியும் என்று நினைத்து விழிஞ்ஞத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"உங்க ஜிபிஎஸ்ஸில எத்தனை புள்ளி வச்சிருக்கீங்க?"

"மீன் கிட்டுந்ந இடம் மட்டும் சாரே."

"மத்த இடமெல்லாம்?"

"மத்த இடத்தில என்ன உண்டு?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. இரண்டாயிரம் புள்ளிகளுக்கு இடம் கொடுக்கும் ஒரு மகானிடம் பத்திருபதை மட்டும் கொடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பத்திருபதுக்கும் பெயர் வைத்திருக்கிறார். பார்த்தால் வேறு யாருக்கும் புரியாத பெயர்கள், அவருக்கு மட்டும் எந்தப் பார், எந்த மாசம், எந்த மீன் என்று தெரியும். பயன்படாதது என்று தெரிந்த அன்றே அழித்துவிடுவாராம். பழைய கருவியை விற்கும்போது முதல் வேலையாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தாராம். "சாருக்கு எத்தனை?" என்று கேட்டார். சொன்னேன். "அம்மோ! இத்தற மீனா?" என்றார். தாம் பேசிக்கொண்டிருந்தது எப்பேர்ப்பட்ட செல்வந்தரோடு என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்கமாட்டாமல் வலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

வேண்டாதவற்றை அழித்துவிடலாமே என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. அழிக்கலாம். கருவியார் அதற்கும் வழி வைத்திருக்கிறார், ஆனால் அவசரப்படவிடமாட்டார். ஒரு புள்ளியைத் திறக்க வேண்டும், மெனுவுக்குப் போக வேண்டும், அழி என்பதைத் தேட வேண்டும், நிச்சயமா என்பார், ஆம் என்க வேண்டும். அழிந்ததும் பட்டியல் மறுபடி தலைப்பிலிருந்து தொடங்கும். 412இல் இருந்தவன் 001லிருந்து கீழே இறங்கி வர வேண்டும். வழியில் கடந்து போகும் ஒவ்வொரு எண்ணையும், இது எதுவாக இருக்கும் என்று யோசிக்கவைக்கிறார். பிரிவுக்கு முன் பழைய உறவுகளை எல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்க்கச் செய்யும் இந்த நாகரிகம் எந்த வக்கீலிடம் உண்டு?

அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு, அமைப்பு மெனுவின் அடியில் வேறொரு ஏற்பாடு. எல்லாப் புள்ளிகளையும் அழி. இதற்கு ஒரே ஒரு கேள்விதான், ஒரே ஒரு அழுத்தல்தான். ஒன்றை அழிக்க நாலு படி, ஆயிரத்தை அழிக்க ஒரு படி. மொத்தமாக வாங்குகிறவர்களுக்குச் சலுகை கொடுக்கும் சாலைக் கடைத்தெரு வழக்கம் அவரிடமும் உண்டு. என் மருமகன் ஒருநாள் அதைத் திறந்து, பளிச்சென்று கேள்வி வந்து நின்றதும், "மாமா, அழுத்தட்டுமா?" என்றான். நான் கருவியைப் பிடுங்கிக்கொண்டேன். 034 என்னவென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லையே.

இப்போது வரும் பெரிய மாடல்களில் பத்தாயிரம் புள்ளி வைக்கலாம். முன்பணம் கட்டிவிட்டேன்.